கேட்காமல் முளைத்த காய்கறி: டர்பன் கொல்லைக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

செப்டம்பரில் இரண்டு மழை இறங்கினால் போதும், தென்னாப்பிரிக்காவில் டர்பனைச் சுற்றி, சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருளம் பக்கத்துக் கொல்லைகளில் விதைக்காததெல்லாம் எட்டிப் பார்க்கும். குப்பைக் குழியில் பூசணி, வேலியோரம் சௌசௌ, தோண்டி முடித்தாயிற்று என்று விட்ட பாத்தியில் மடும்பி (சேப்பங்கிழங்கு), அறுத்த கோஸின் கட்டையில் நாலு குருத்து. இதற்குத் தண்ணீர் ஊற்றுவதா, பிடுங்கி எறிவதா? செடிக்குச் செடி பதில் மாறும். கிழங்கிலிருந்தும் கட்டையிலிருந்தும் வந்தவை தாய்ச்செடியின் குணத்தையே கொண்டுவரும். அதனால் அவற்றைப் பெரும்பாலும் நம்பலாம். விதையிலிருந்து வந்தது எந்தக் குணத்தோடு வந்திருக்கிறது என்று காய்த்த பிறகுதான் தெரியும். இரண்டிலும் சேராத வில்லங்கம் உருளைக்கிழங்கு. கிழங்குதான் என்றாலும் நோயைச் சுமந்துகொண்டு வரும்.

கீழே வரும் மாதக் கணக்கு டர்பன் கடற்கரைப் பகுதிக்கு உரியது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் தாழ்வான இடங்களில் ஜூன், ஜூலையில் உறைபனி விழும். அங்கே வசந்த கால வேலைகளை மூன்று நான்கு வாரம் தள்ளிச் செய்யுங்கள். ஆடிப்பட்டம் தேடி விதைக்கும் கணக்கு இங்கே செல்லாது. ஆடியில் நமக்கு நடுக் குளிர்காலம்.

எல்லாவற்றுக்கும் முன்: எதிலிருந்து வந்தது?

செடியிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சிறு கரண்டியால் மண்ணை விலக்கித் தண்டின் அடியைப் பாருங்கள். ஒற்றைத் தண்டு, கீழே மெல்லிய வேர், ஓரமாக இரண்டு வித்திலைகளோ அவை உதிர்ந்த தழும்போ இருந்தால் விதையில் வந்தது. தண்டின் அடி தடித்து, பழைய கிழங்கோடு ஒட்டியிருந்தால் கிழங்கில் வந்தது. கிழங்கை அமுக்கிப் பாருங்கள்: கெட்டியாக இருந்தால் செடி அதை வைத்தே இன்னும் சில வாரம் வளரும், கொழகொழவென்று நாற்றமடித்தால் அப்போதே எடுத்துவிடுங்கள். மரம்போல் இறுகிய பழைய தண்டின் பக்கவாட்டில் துளிர் வந்தால் அது மறுதாம்பு. கரும்பு வெட்டிய தோகையடியில் அடுத்த பயிர் வருவதுபோலத்தான், நேட்டாலில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

என்ன செடி என்றே தெரியவில்லை

கத்தரி என்று நினைத்து ஊமத்தையை வளர்ப்பது அடிக்கடி நடக்கிறது. இரண்டும் ஒரே குடும்பம், இளம் பருவத்தில் ஏமாற்றும். ஊமத்தையின் வித்திலை நீளமாக, ஈட்டி முனைபோல் இருக்கும். கத்தரியின் வித்திலை சிறியது, முட்டை வடிவம். நாலாவது இலை வரும்போது ஊமத்தை இலையின் ஓரம் கூர்கூராகப் பல்விட்டிருக்கும், கசக்கினால் குமட்டும் வாடை வரும். கத்தரி இலை பஞ்சுபோல் சுணையோடு இருக்கும், ஓரம் அலையலையாக வளைந்திருக்குமே தவிரக் கூராக இருக்காது. ஊமத்தையில் வேர், இலை, விதை எல்லாமே நஞ்சு. முளைக்கீரைக்கு நடுவே முளைத்து, கட்டோடு சேர்ந்து அறுபட்டுச் சட்டிக்குள் போய்விடக்கூடும் என்பதுதான் பெரிய பயம். தானாக வந்த கீரையை அரிவாளால் மொத்தமாக அறுக்காமல் ஒவ்வொரு தண்டாகக் கிள்ளுங்கள்.

சுண்டைச் செடிபோல் பெரிய வெல்வெட் இலையோடு வேகமாக உயர்ந்தால் அது பக்வீடாக இருக்கலாம். இலைக்காம்பின் அடியில் காதுபோல் இரண்டு சிற்றிலைகள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேரோடு எடுத்துவிட வேண்டியதுதான். இந்த நாட்டில் சட்டப்படியே அகற்ற வேண்டிய அயல் களை அது. அதன் இலை, தண்டின் பொடி மூக்கில் ஏறினால் இருமல் வரும், முகமூடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள்.

மடும்பிக்கும் ஆரம் லில்லிக்கும் வித்தியாசம் காம்பில் இருக்கிறது. மடும்பி இலையின் காம்பு ஓரத்தில் சேராது. இலையின் அடிப்புறத்தில், ஓரத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி ஒட்டியிருக்கும். மேலே தண்ணீர் தெளித்தால் ஒட்டாமல் முத்தாக உருளும். ஆரம் லில்லியில் காம்பு இலையின் பிளவிலேயே சேர்ந்துவிடும். இந்த இரண்டு சோதனையிலும் தேறாத செடியின் கிழங்கைச் சமைக்காதீர்கள்.

மணத்தக்காளியைப் பிடுங்காமல் விட்டுவைக்கலாம். ஜூலுக்காரர்கள் உம்சோபோ என்று ஜாம் காய்ச்சுவது இதன் குடும்பத்துப் பழத்தில்தான். கறுத்துப் பழுத்தது மட்டும் வாயில் போடத் தக்கது, பச்சைக் காய் ஆகாது.

பூசணி, சுரை, பேபி மேரோ (சுக்கினி) வகைக் காய் கசக்கிறது

தானாக முளைத்தவற்றில் உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது, ஆனால் பலரும் "கொஞ்சம் கசப்பு, புளி போட்டால் போகும்" என்று அடுப்பில் ஏற்றிவிடுகிறார்கள். போகாது. இந்தக் கசப்புக்குக் குக்கர்பிட்டாசின் என்று பெயர், கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் அழியாது. சில வாய் சாப்பிட்டாலே வாந்தி, வயிற்றுப்போக்கு, அடிவயிற்றைப் பிடுங்கும் வலி வரும். 2015ல் ஜெர்மனியின் ஹைடன்ஹைம் நகரில் வீட்டுத் தோட்டத்தில் விளைந்த கசப்புக் காயைச் சமைத்துச் சாப்பிட்ட 79 வயது முதியவர் இறந்தே போனார். அது வேறொன்றும் அல்ல, நாம் வாங்கும் பேபி மேரோதான்.

எப்படி வருகிறது? காட்டுப் பூசணி இனங்களுக்குக் கசப்பு இயல்பு, மனிதன் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து அதைப் போக்கியிருக்கிறான். அழகுக்கு வைக்கும் குட்டிப் பூசணி வகைகளில் பல இன்னும் கசப்பைச் சுமக்கின்றன. தேனீ அந்தப் பூவிலிருந்து உங்கள் பூவுக்கு வந்தால் இந்த வருடக் காயில் ஒரு மாற்றமும் தெரியாது, ஏனென்றால் சதை தாய்ச்செடியுடையது. மாற்றம் விதைக்குள் போய் உட்கார்ந்திருக்கும். அந்தக் காயின் குடலைக் குப்பைக் குழியில் கொட்டினால், அடுத்த வருடம் முளைக்கும் கொடிதான் கசப்புக் காய் தரும். போன வருடக் காய் நன்றாகத்தானே இருந்தது என்ற நியாயம் அதனால்தான் இங்கே எடுபடாது.

எது எதோடு சேரும் என்பதைத் தெரிந்துவைத்தால் பாதிக் கவலை தீரும். ஜெம் ஸ்குவாஷ், பேபி மேரோ, பாட்டிபான், அழகுப் பூசணி வகைகள் பெரும்பாலும் ஒரே இனம். தங்களுக்குள் தாராளமாகக் கலக்கும். பட்டர்நட்டும் நம்மூர்ப் பரங்கியும் இன்னொரு இனம். தட்டையான வெள்ளைப் பூர் பூசணியும் ஹப்பர்டும் மூன்றாவது இனம். சுரைக்காய் இவை எதோடும் சேராது, ஆனால் கசப்புச் சுரையோடு சேரும், அந்தக் கசப்பும் இதே அளவு பொல்லாதது. தர்பூசணி இந்த நாட்டில் ட்சம்மா என்ற காட்டுத் தர்பூசணியோடும் கலக்கும். குழியில் முளைத்த தர்பூசணி வெளுத்த, கெட்டியான, சப்பென்ற அல்லது கசந்த சதையோடு வந்தால் காரணம் அதுவாக இருக்கலாம்.

செய்ய வேண்டியது:

1. ஒவ்வொரு கொடியின் முதல் காயையும் அறுத்து, பட்டாணி அளவு பச்சைச் சதையை நுனிநாக்கில் வைத்துப் பாருங்கள். விழுங்காமல் துப்பி வாயைக் கொப்பளியுங்கள்.
2. வெள்ளரித் தலைப்பக்கத்து லேசான கசப்பு வேறு. இது நாக்கைச் சுருட்டும், சட்டென்று தெரியும். தெரிந்தால் அந்தக் காய் மட்டுமல்ல, அந்தக் கொடி முழுவதும் வேண்டாம். அதன் எல்லாக் காயிலும் அதே குணம் இருக்கும்.
3. ஒரு குழியில் நாலு கொடி பின்னிக் கிடந்தால் ஒன்று நல்லது என்பதால் மற்றது நல்லது என்றாகாது. அடித்தண்டில் வேறுவேறு நிறக் கயிறு கட்டி, காயையும் அந்த நிறத்தோடு அறுங்கள்.
4. கசந்த கொடியின் விதையை எங்கும் விழ விடாதீர்கள்.

ஜெம் ஸ்குவாஷ் விதையில் தானாக வந்த கொடியை எங்களைக் கேட்டால் வைக்கவே வேண்டாம். கடையில் விதைப் பொட்டலம் அப்படியொன்றும் விலை இல்லை. பட்டர்நட், பரங்கி என்றால் அக்கம்பக்கத்தில் வேறு கலப்பு அபாயம் குறைவு, சோதித்துவிட்டு வைத்துக்கொள்ளலாம். கலப்பின வீரிய விதையிலிருந்து வந்த காயாக இருந்தால் அதன் பிள்ளைகள் ஒன்றுக்கொன்று அளவிலும் ருசியிலும் மாறும், அது குற்றமில்லை.

கொடி ஓடுகிறது, காய் இல்லை

பூசணியில் முதல் ஒன்றிரண்டு வாரம் ஆண் பூ மட்டும் வரும், பொறுத்திருங்கள். பெண் பூ அடியில் குட்டிக் காயோடு வரும். அந்தப் பிஞ்சு கட்டைவிரல் அளவுக்கு வந்து மஞ்சளாகி உதிர்ந்தால் மகரந்தம் சேரவில்லை. விடியற்காலை மலர்ந்த பூ பத்து மணிக்குள் மூடிவிடும், அதற்குள் ஓர் ஆண் பூவைப் பறித்து இதழை உரித்து, நடுத்தண்டின் மஞ்சள் பொடியைப் பெண் பூவின் சூல்முடி முழுக்கத் தடவுங்கள். மழை பெய்கிற காலையில் தேனீ வராது, அன்றைக்குக் கை வேலைதான்.

பிஞ்சில் ஊசி குத்தின புள்ளியும் பிசின் வடிந்த தடமும் இருந்தால் கதை வேறு. பூசணி ஈ முட்டை வைத்திருக்கிறது. மருந்தடிப்பதைவிட எளிய வழி, மகரந்தம் சேர்த்த மறுநாளே பிஞ்சைச் செய்தித்தாள் கூம்பாலோ பழைய மெல்லிய துணியாலோ மூடிக் காம்பில் கட்டுவது. தோல் கெட்டியாகும்வரை மூடியிருக்கட்டும். குத்துப்பட்டதைப் பறித்துக் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி இரண்டு வாரம் வெயிலில் போடுங்கள். கீழே விழ விட்டால் புழு மண்ணுக்குள் போய் மறுபடி ஈயாக வரும்.

சௌசௌவில் வருகிற புகார் இன்னும் வேடிக்கையானது. குளிரில் காய்ந்த கொடியின் அடிக்கிழங்கு ஆகஸ்ட், செப்டம்பரில் துளிர்த்து, கிறிஸ்துமஸுக்குள் கூரையேறிவிடும், ஒரு பூ இருக்காது. மலடு என்று வெட்டிப்போடுகிறார்கள். வெட்டாதீர்கள். சௌசௌ பூக்கப் பகல் சுமார் 12 மணி நேரத்துக்குக் குறைய வேண்டும். டர்பனில் டிசம்பர் பகல் 14 மணி நேரம்; மார்ச் பிற்பாதியில்தான் இரவும் பகலும் சமமாகும். ஏப்ரலிலிருந்து காயை எதிர்பாருங்கள். அதற்கு முன் செய்யக்கூடியது: ஜனவரிக்குப் பிறகு கோழி எருவையும் தழைச்சத்து உரத்தையும் நிறுத்திவிட்டு, பிப்ரவரிக் கடைசியில் கொடிக்கு 3:1:5 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து விகிதம்) இரண்டு கைப்பிடி, தண்டிலிருந்து அரை மீட்டர் தள்ளித் தூவித் தண்ணீர் விடுங்கள். ஏப்ரலிலும் பூவே வராவிட்டால் பார்க்க வேண்டியது தெருவிளக்கை. இரவெல்லாம் வெளிச்சம் விழும் வேலிப் பக்கம் செடிக்குக் குறும்பகல் கணக்கு குழம்பலாம். பூ வந்து காய் காணாமல் போனால் அது குரங்கு, அதற்கு இந்த வழிமுறையில் தீர்வு இல்லை.

பச்சையாக இருக்கும்போதே வாடித் தொங்குகிறது

தானாக வந்த தக்காளி, கத்தரி, மிளகாயில் இது நடந்தால் உடனே கவனியுங்கள். மத்தியானம் வாடி மாலையில் நிமிர்ந்தால் தண்ணீர்க் குறையாக இருக்கலாம். இரண்டு நாளாக மாலையிலும் நிமிரவில்லை, இலையில் மஞ்சளோ புள்ளியோ இல்லை என்றால் பாக்டீரியா வாடல் என்று சந்தேகப்படுங்கள். வெதுவெதுப்பான ஈர மண் அதற்குப் பிடித்த இடம், நம் கோடைக்காலம் அப்படியே பொருந்தும்.

உறுதி செய்ய ஆய்வுக்கூடம் வேண்டாம். செடியின் அடித்தண்டில் மண்ணுக்குச் சற்று மேலே 5 சென்டிமீட்டர் துண்டைச் சுத்தமான கத்தியால் வெட்டுங்கள். கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் நிரப்பி, துண்டின் கீழ்முனை மட்டும் நனையும்படி ஒரு பேப்பர் கிளிப்பில் மாட்டித் தொங்கவிடுங்கள். டம்ளருக்குப் பின்னால் கறுப்புத் துணி வைத்தால் நன்றாகத் தெரியும். அசைக்காமல் ஐந்து நிமிடம் பாருங்கள். வெட்டு முகத்திலிருந்து பால்போன்ற வெள்ளை நூல் வளைந்து வளைந்து கீழே இறங்கினால் சந்தேகமே இல்லை. நூல் வராமல், தண்டை நீளவாக்கில் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடு மட்டும் தெரிந்தால் பூஞ்சண வாடல்.

பாக்டீரியா வாடலுக்கு மருந்து கிடையாது. வேரோடு சுற்றியுள்ள ஒரு வாளி மண்ணையும் சேர்த்து எடுத்துப் பையில் கட்டிக் குப்பை வண்டிக்குப் போடுங்கள். அந்தப் பாத்தியில் குறைந்தது மூன்று வருடம் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை, இஞ்சி எதுவும் வேண்டாம். சோளமோ கோஸோ வெங்காயமோ போடலாம். அங்கே தானாக முளைக்கும் ஒவ்வொரு தக்காளி நாற்றையும் இரண்டிலைப் பருவத்திலேயே பிடுங்குவது முக்கியம், ஏனென்றால் நீங்கள் மூன்று வருடம் விட்டாலும் தானாக வந்தது நோயை ஊட்டி வளர்த்துக்கொண்டே இருக்கும். மண்வெட்டியை அடுத்த பாத்திக்குக் கொண்டுபோகும் முன் மண்ணைக் கழுவி, ஜிக் (ப்ளீச்) கலந்த தண்ணீரில், ஒன்பது பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு, பத்து நிமிடம் நனைத்துத் துடையுங்கள்.

வாடவில்லை, ஆனால் குள்ளமாகவே நிற்கிறது என்றால் வேரை உருவிப் பாருங்கள். மணிமணியாக முடிச்சு இருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. பெரியாவின் சிவப்பு மணலிலும் கடற்கரை மணலிலும் இது சகஜம். அந்தப் பாத்தி முழுக்கத் துலுக்க சாமந்தியை ஒரு சாண் இடைவெளியில் நெருக்கி நட்டு, ஒரு பருவம் முழுவதும் வைத்திருந்தால் எண்ணிக்கை குறையும். ஓரத்தில் நாலு செடி வைப்பது அழகுக்குத்தான் உதவும்.

தக்காளி இலையில் உள்ளுக்குள் சுரங்கம்போல் பெரிய வெளிறிய திட்டும், காயில் சிறு துளையும் இருந்தால் டூட்டா அந்து. 2016ல் இந்த நாட்டுக்குள் வந்த பூச்சி. கவனிப்பாரற்றுக் குழியோரம் காய்க்கும் தக்காளிச் செடி அதற்குப் பண்ணை வீடு. ஒன்று கவனித்து வளருங்கள், இல்லை பிடுங்கிவிடுங்கள்.

உருளை தானாக வந்திருக்கிறது

பிடுங்குங்கள் என்பதுதான் சுருக்கமான பதில். தோண்டும்போது விடுபட்ட கோலிக்குண்டு அளவுக் கிழங்கிலிருந்து வரும் செடி, போன பருவத்துக் கருகல் நோயையும் நச்சுயிரியையும் சேர்த்தே கொண்டுவரும். மேகமூட்டமும் தூறலும் தொடர்ந்த நாட்களில் இலையில் தண்ணீர் ஊறின கறுந்திட்டு, காலையில் திருப்பிப் பார்த்தால் அடியில் வெள்ளைப் பூஞ்சணம், இதுதான் பின்பருவக் கருகல். பக்கத்துத் தக்காளிக்குத் தாவச் சில நாள் போதும்.

அப்படியும் வைப்பேன் என்றால், தக்காளிப் பாத்திக்கு எட்ட, தண்டு ஒரு சாண் உயர்ந்ததும் மண் அணைத்து, மூன்று வாரம் கழித்து மறுபடி அணையுங்கள். அணைக்காத கிழங்கு வெயில்பட்டுப் பச்சையாகும், பச்சை இருக்கிற இடத்தில் சோலனின் என்ற நஞ்சும் கூடியிருக்கும். சிறு திட்டென்றால் ஆழச் சீவலாம். பாதிக்கு மேல் பச்சை, அல்லது கசப்பு என்றால் தூர எறியுங்கள். செடியின் உச்சியில் குட்டித் தக்காளிபோல் காய்ப்பது நஞ்சு, பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பூவிலேயே கிள்ளிவிடுங்கள்.

மடும்பி: சிறுத்துவிட்டது, நீர்த்துவிட்டது, அரிக்கிறது

சிறுத்ததற்குக் காரணம் நெருக்கம். ஒரு தாய்க்கிழங்கைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு குட்டிகள் தோண்டப்படாமல் கிடந்து, எல்லாம் ஒரே இடத்தில் முளைக்கின்றன. இலைக் கூட்டம் செழிப்பாகத் தெரியும், அடியில் கோலிக்குண்டுதான் இருக்கும். செப்டம்பரில் இலை ஒரு சாண் வந்ததும் முழுக் கூட்டத்தையும் முள்கரண்டியால் கிளப்புங்கள். பெரிய தாய்க்கிழங்கை விதைக்கு வைக்காதீர்கள். கோழிமுட்டை அளவு, 40 முதல் 50 கிராம் இருக்கும் பக்கக் குட்டிகளாகப் பொறுக்கி, 10 சென்டிமீட்டர் ஆழத்தில், செடிக்குச் செடி 30 முதல் 40, வரிக்கு வரி 60 சென்டிமீட்டர் விட்டு நடுங்கள். குழிக்கு ஒரு கைப்பிடி மட்கிய எரு, சதுர மீட்டருக்கு 60 கிராம் 2:3:2 உரம். மேலே உலர்ந்த புல் மூடாக்கு ஒரு சாண் கனம்.

நீர்த்துப்போவது தள்ளிப்போடுவதால் வருகிறது. மே, ஜூனில் இலை மஞ்சளாகிச் சாயும்போது கிழங்கில் மாவு நிறைந்திருக்கும். அப்போது எடுக்காமல் விட்டு, வசந்த மழையில் மறுபடி குருத்து விட்டால், அந்த மாவைச் செடி தன் இலைக்கு எடுத்துக்கொள்ளும். செப்டம்பர் கடைசியில் தோண்டிய பழைய கிழங்கு வேகவைத்தால் மாவாக உதிராது, சோப்புக் கட்டிபோல் வழவழவென்று கண்ணாடி நிறத்தில் இருக்கும். இதற்குச் சமையலில் பரிகாரம் கிடையாது. குருத்துவிட்டதை நட்டுவிடுங்கள், சாப்பிடுவதை ஜூலைக்குள் தோண்டுங்கள்.

அரிப்பு, கிழங்கில் உள்ள கால்சியம் ஆக்ஸலேட் ஊசிப் படிகங்கள் தோலில் குத்துவது. உரிக்கும் முன் கையில் எண்ணெய் தடவுங்கள், அல்லது தோலோடு 30 முதல் 40 நிமிடம் வேகவைத்துப் பிறகு உரியுங்கள். வெந்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புளிக்குழம்பில் போடுங்கள். வெந்தும் தொண்டை கரகரத்தால் இன்னும் வேக வேண்டும் என்று அர்த்தம்.

சர்க்கரைவள்ளி: கொடி மட்டும், அல்லது கிழங்கில் ஓட்டை

விட்டுப்போன கொடித்துண்டு கணுவுக்குக் கணு வேர் பிடித்துப் படர்ந்து, கிழங்கே வைக்காது. எருக்குழி ஓரத்தில் முளைத்தால் தழைச்சத்து மிகுதி, மாமர நிழலில் முளைத்தால் வெயில் போதாது. ஓடும் நுனியிலிருந்து 30 சென்டிமீட்டர் துண்டு வெட்டி, வெயில் விழும் மேட்டுப்பாத்தியில், மூன்று நாலு கணு மண்ணுக்குள் போகும்படி சாய்த்து நடுங்கள். பழைய கொடியை அப்படியே வைத்து நல்ல கிழங்கு எடுப்பது நடக்காத காரியம்.

கிழங்கில் கரும்புள்ளி ஓட்டையும் ஒரு மாதிரியான கசப்பு நெடியும் இருந்தால் கூன்வண்டு. வெடித்த மண் வழியாக இறங்கித்தான் அது கிழங்கை அடைகிறது, எனவே காய்ச்சலில் மண் பிளக்காமல் தண்ணீர் விட்டு மண் அணைப்பதே முதல் காப்பு. நாலு ஐந்து மாதத்தில் தோண்டுங்கள், ஒரு வருடம் மண்ணில் விட்ட கிழங்கு அனேகமாக வண்டுக்குத்தான். கசந்த கிழங்கைச் சீவித் தின்ன வேண்டாம். தாக்குண்ட கிழங்கு தானே நச்சுப்பொருளைச் சுரக்கும், வேகவைத்தும் போகாது. பூஞ்சணம் பிடித்ததை மாட்டுக்குப் போட்டால் அதன் நுரையீரல் பாதிக்கும்.

வெட்டிய கட்டை துளிர்க்கிறது

கத்தரிக்கும் மிளகாய்க்கும் இது நல்ல சேதி. ஆகஸ்ட் கடைசியில் கத்தரியைத் தரையிலிருந்து 20 சென்டிமீட்டர் விட்டுக் கவாத்து செய்து, வெளிப்பக்கம் பார்த்த மூன்று நாலு துளிரை மட்டும் நிறுத்துங்கள். தூருக்கு அரை வாளி மட்கிய எரு. நவம்பரில் மறுபடி காய்க்கும். காய் சிறியதாகவும் விதை மிகுந்தும் இருந்தால் துளிரை அதிகமாக விட்டிருக்கிறீர்கள். இரண்டாவது மறுதாம்புக்குக் கத்தரி லாயக்கில்லை. மிளகாய் மூன்று வருடம்கூட நிற்கும்.

துளிரில் இலை சுருண்டால் சுருளும் திசையைப் பாருங்கள். மேல்நோக்கிப் படகுபோல் சுருண்டால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து காம்பு நீண்டால் சிலந்திப்பேன் வகை. இரண்டாவதற்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், மாலையில், வெயில் 30 டிகிரிக்கு மேல் போகாத நாளில் அடிக்கலாம். வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆகாமல் கந்தகம் அடித்தால் இலை கருகும்.

கோஸ் கட்டையில் நாலைந்து துளிர் வந்தால் ஒன்றையோ இரண்டையோ விட்டு மற்றதைக் கிள்ளுங்கள், டென்னிஸ் பந்து அளவுக்குத் தலை கட்டும். எல்லாவற்றையும் விட்டால் கீரையாகத்தான் ஆகும், அதுவும் பொரியலுக்கு மோசமில்லை. ஆனால் அக்டோபருக்குமேல் கட்டையை வைக்காதீர்கள்: வெயிலில் தலை கட்டாது, வைர முதுகு அந்துக்கும் ஆரஞ்சுப் புள்ளிபோட்ட கறுப்பு நாவாய்ப் பூச்சிக்கும் விருந்தாகும்.

சில்லறைப் புகார்கள்

கொத்தமல்லி விதை உதிர்ந்து முளைத்ததும் பூத்துவிடுகிறதா, முளைத்த மாதம் தப்பு. செப்டம்பருக்குப் பின் வந்தது வெயிலிலும் நீண்ட பகலிலும் பூக்கத்தான் செய்யும். மார்ச்சிலிருந்து ஆகஸ்ட்டுக்குள் வந்ததை வைத்துக்கொள்ளுங்கள். பூண்டு கொத்தாக முளைத்துப் பிரியாத ஒற்றைப் பல் உருண்டையாக விளைந்தால் குளிர் போதவில்லை. டர்பனில் அதை மாற்ற முடியாது, தாளைக் கிள்ளிச் சமையுங்கள். முளைக்கீரை முழங்கால் உயரத்துக்குள் கதிர்விட்டால் உடனே அடியில் இரண்டு கணு விட்டு அறுத்தால் ஒருமுறை துளிர்க்கும்.

வேலியில் வருடக்கணக்கில் நிற்கும் டபுள் பீன்ஸ் கொடி வெள்ளைக்குப் பதில் புள்ளி போட்ட அல்லது கறுத்த விதை தந்தால் கவனம். நிற விதைகளில் சயனைடு தரும் பொருள் கூடுதலாக இருக்கலாம். இரவு முழுக்க ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டி, மூடாத பாத்திரத்தில் நன்றாகக் கொதிக்கவிட்டு, அந்த நீரையும் கொட்டிய பிறகே கறிக்குப் போடுங்கள். பச்சையாகக் கொறிக்கக் கூடாது.

அடுத்த வருடமும் இதே தொல்லை வராமல்

வீட்டு எருக்குழி பெரும்பாலும் சூடேறுவதில்லை, அதனால்தான் எருவோடு பூசணியும் தக்காளியும் பாத்திக்கு வருகின்றன. குவியல் நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் இருந்து, பச்சையும் காய்ந்ததுமாக அடுக்கி, பிழிந்த ஸ்பஞ்ச் ஈரத்தில் வைத்தால் நடுவில் 55 டிகிரிக்கு மேல் போகும். மூன்று நாள் அந்தச் சூடு நின்றதும் வெளிப்புறத்தை உள்ளே தள்ளிப் புரட்டுங்கள், இப்படி மூன்று நாலு முறை. சூடு இல்லாத குழியில் பூசணிக் குடல், அழுகிய தக்காளி, மடும்பித் தோல், உருளைத் தோல் நான்கையும் போடாதீர்கள். கசந்த காய், வாடல் செடி, வண்டு தின்ற கிழங்கு இவை சூடான குவியலுக்கும் ஆகாது. கறுப்புப் பையில் கட்டி நகராட்சி வண்டிக்கு. மட்கிய எருவைப் பாத்திக்குப் போடும் முன் 1 சென்டிமீட்டர் கண் உள்ள கம்பி வலையில் சலித்தால் மடும்பிக் குட்டியும் உருளைத் துண்டும் மேலே நின்றுவிடும்.